பேர் வைக்காத புயல்

நார்வேயிலிருந்து விடுப்பில் முத்துப்பேட்டை பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறேன். கார்த்திகை அடைமழை. வயலில் தேங்கிய தண்ணீரை வடியவிட மடையை வெட்டிவிட்டு, அப்பா சேற்றுக்காலோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க ஊர்லயும் புயல் வருமாமே. என்ன பேரு வைப்பாங்க?"

"பேரு வைக்கிறதுக்குள்ள செத்துப் போயிடும்ப்பா" என்றேன். நம்பவில்லை.

நார்வேயின் டிரோம்சோவுக்குப் போன முதல் ஜனவரியில் நானும் நம்பவில்லைதான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வானத்தில் நட்சத்திரம். மதியத்துக்குள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையைக் காணோம். பனி மேலேயிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்து இமையில் அப்பியது. ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்ளை அன்றைக்குப் பார்த்து வீட்டிலேயே விட்டிருந்தேன். விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றவனை ஒரு பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். எழுபது வயதாவது இருக்கும். மறுநாள் வானம் துடைத்துவிட்டது போல் கிடந்தது.

துருவத் தாழ்வு என்பது அந்த மாதிரிப் புயலின் பொதுப்பெயர். உறைந்த கடல் மேல் கிடந்த கடுங்குளிர் காற்று, உறையாத கடல் மேல் இறங்கும்போது பிறப்பது. அந்தக் கடல் ஐந்தாறு டிகிரிதான் இருக்கும், கை வைத்தால் மரத்துப் போகும். வங்கக் கடலில் புயல் கிளம்ப 26 டிகிரிக்கு மேல் வேண்டும். துருவத் தாழ்வுக்குச் சூடு முக்கியமில்லை, வித்தியாசம்தான் முக்கியம்: ஐந்து கிலோமீட்டர் உயரத்துக் காற்றைவிடக் கடல் 40 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால், உலைப்பானை மாதிரி பொங்கிவிடும். அகலம் 200 முதல் 1000 கிலோமீட்டர், ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. கரையேறியதும் கடல் சூடு கிடைக்காமல் அடங்கிவிடும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை இதன் காலம். ஆனால் வருடத்துக்கு வருடம் மாறும். வடக்கிலிருந்து குளிர்காற்று அடிக்கடி இறங்கினால் நிறைய வரும். மேற்கிலிருந்து மிதமான காற்று நிலைத்துவிட்டால் சொற்பம்தான். உறைந்த கடலின் விளிம்பு வடக்கே பின்வாங்கினால், இவை பிறக்கும் இடமும் கூடவே நகரும்.

"முன்கூட்டியே சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க. சில சமயம் அரை நாளுக்கு முன்னாடிதான்."

அப்பா கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் வருகிறது என்று நாலைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மட்டையெல்லாம் கழித்து வைத்தும் பாதித் தென்னை போனது.

"அங்க தென்னை இருக்கா?"

"இல்லப்பா."

"அப்ப சரி" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி மடைக்குப் போய்விட்டார்.