மோட் ஆடம்ஸின் விளக்குகள்

நாடக மேடையில் விளக்கு வேலை பார்ப்பவர்கள் நடிகர்களை வேறு விதமாக எடைபோடுவார்கள். யார் நன்றாக நடிக்கிறார் என்பதை நாடகம் பார்க்க வந்தவர்களே சொல்லிவிடுவார்கள். தன்மேல் விழும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து நடிப்பவர் யார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஓர் அடி விலகி நின்றுவிட்டால் முகத்தில் படும் சூடு குறைவதை உணர்ந்து, வசனம் தடைபடாமல் தானாக நகர்ந்து வெளிச்சத்துக்குள் வந்துவிடுகிற நடிகர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்யக் கிடைக்கும் நாள் நல்ல நாள். பல வருடங்களாக விளக்குகளோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில், அந்த வகை நடிகர்களுக்கெல்லாம் முன்னோடியாக நான் கருதுவது மோட் ஆடம்ஸை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அவர் பெயரைக் கேட்டாலே டிக்கெட் விற்றது. அமெரிக்க மேடையில் முதன்முதலாக, வளரவே மறுத்துப் பறந்து திரியும் சிறுவன் பீட்டர் பானாகப் பறந்தவர் என்றுதான் இன்றைக்கும் அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஒரு தொழிலாளியாக அவரைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

1872இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பிறந்தவர். தாய் ஆனி ஆடம்ஸ் நாடக நடிகை. கைக்குழந்தையாகவே மேடையேறிவிட்டார், பிறகு சிறு பெண்ணாகத் தாயோடு ஊர் ஊராகச் சுற்றினார். வளர்ந்து நியூயார்க் வந்ததும், அன்றைய பெரிய நாடகத் தயாரிப்பாளரான சார்லஸ் ஃப்ரோமனின் குழுவில் சேர்ந்தார். 1892இல் ஜான் ட்ரூ என்ற நட்சத்திரத்துக்கு ஜோடியாக நடித்த ஒரு நகைச்சுவை நாடகத்தில், போதை ஏறியதுபோல் பாசாங்கு செய்யும் காட்சி ஒன்று அவருக்கு வாய்த்தது. முதல் நாளே அந்தக் காட்சிக்கு இரண்டு நிமிடம் கைதட்டல் ஓயவில்லை என்று பதிவாகியிருக்கிறது. நாடகத்தின் நாயகன் ட்ரூ. ஆனால் திரைக்கு முன்னால் வரச்சொல்லிப் பன்னிரண்டு முறை அழைக்கப்பட்டவர் ஆடம்ஸ். சில ஆண்டுகள் கழித்து நியூயார்க் வந்த ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜே. எம். பாரி, ஆடம்ஸ் நடித்ததைப் பார்த்துவிட்டு, தன் நாவல் ஒன்றை அவருக்காகவே நாடகமாக எழுதிக்கொடுத்தார். 1897 செப்டம்பரில் எம்பயர் தியேட்டரில் அது மேடையேறியது. அன்றிலிருந்து அவர் தனி நட்சத்திரம்.

அன்றைய பிராட்வேயைக் கனவுத் தொழிற்சாலையாகப் பலரும் எழுதுகிறார்கள். பணியிடமாகப் பார்த்தால் காட்சி மாறும். வாரக்கணக்கில் நடக்கும் ஒத்திகைக்குச் சம்பளம் கிடையாது. உடைகளை நடிகைகள் பலரும் தம் கைக்காசில் வாங்க வேண்டும். நாடகம் எடுபடாமல் வெளியூரில் நின்றுபோனால், ஊர் திரும்பும் ரயில் கட்டணத்தைக்கூடத் தம் கைக்காசில் கட்ட வேண்டி வரலாம். 1896இல் ஃப்ரோமன் உள்ளிட்ட ஆறு பேர் சேர்ந்து தொடங்கிய நாடகக் கூட்டமைப்பு, நாடு முழுவதும் முக்கிய அரங்குகளைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. எந்த நாடகம் எந்த ஊரில் எந்த வாரம் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். பணிய மறுத்த மின்னி மேடர்ன் ஃபிஸ்க் என்ற பெருநடிகைக்கு நல்ல அரங்குகளின் கதவு அடைக்கப்பட்டது. அவர் சறுக்குவிளையாட்டுக் கூடங்களில்கூட நாடகம் போட்டார். ஃபிஸ்க்கின் அந்த வைராக்கியம் தனிக் கட்டுரைக்கு உரியது.

ஆடம்ஸ் கூட்டமைப்பின் பக்கம் இருந்தவர். ஃப்ரோமனின் நிழலில் வளர்ந்தவர். ஆனாலும் தன்னோடு நடிக்கிற சின்ன நடிகர்களின் சம்பளம் போதாது என்று தெரிந்தபோது, தன் வருமானத்திலிருந்து கொடுத்து நிரப்பியிருக்கிறார். ஒருமுறை சுற்றுப்பயணத்தில், அவர் பெயருக்காக எப்படியும் அரங்கு நிறையும் என்று கணக்குப் போட்ட ஓர் அரங்க உரிமையாளர் டிக்கெட் விலையை ஏற்றிவிட்டார். கூடுதலாக வாங்கிய பணத்தைப் பார்வையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் மேடையேறுவேன் என்று சொல்லி, கொடுக்க வைத்த பிறகே அன்று நடித்தார். இதையெல்லாம் படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் ஒரு நட்சத்திரம் நல்லவராக அமைவதை நம்பி நூறு பேருடைய பிழைப்பு நடக்கக் கூடாது என்பதும் என் கருத்து. 1913இல் நடிகர்கள் சங்கம் அமைத்தார்கள். 1919 ஆகஸ்டில் வேலைநிறுத்தத்தில் இறங்கி, ஒரு மாதம் பிராட்வேயை இருட்டில் வைத்து, உரிமைகளை எழுத்தில் வாங்கினார்கள். ஈதல் பேரிமோர், மேரி டிரெஸ்லர் போன்ற பெரிய நடிகைகள் அதில் முன்னால் நின்றார்கள். அப்போது ஆடம்ஸ் மேடையை விட்டு விலகியிருந்தார்.

இனி பீட்டர் பானுக்கு வருகிறேன். 1904 டிசம்பரில் லண்டனில் தொடங்கிய அந்த நாடகம், 1905 நவம்பர் 6 அன்று எம்பயர் தியேட்டருக்கு வந்தது. பீட்டர் கம்பியில் தொங்கிப் பறப்பதை எல்லோரும் பேசுவார்கள். என் கண் போவது டிங்கர் பெல் பக்கம். அந்தக் குட்டித் தேவதையாக நடிக்க நடிகை யாரும் இல்லை. அது ஒரு வெளிச்சம் மட்டுமே. கண்ணாடித் துண்டால் திருப்பிவிட்டு, மேடையில் அங்குமிங்கும் ஓடவிடும் ஒளிப்பொட்டு. நாடகத்தின் உச்சத்தில் தேவதை விஷத்தைக் குடித்துவிடுகிறாள், வெளிச்சம் மங்குகிறது. பீட்டர் அரங்கைப் பார்த்துத் திரும்பி, தேவதைகள் இருப்பதை நம்புகிறவர்கள் கை தட்டுங்கள் என்று கெஞ்சுகிறான். கைதட்டல் எழ எழ, வெளிச்சம் பிழைத்து வருகிறது.

விளக்கு வேலை தெரிந்தவர்கள் அந்தக் காட்சியை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். மற்றக் காட்சிகளில் எந்த வசனத்துக்கு எந்த விளக்கு என்று ஒத்திகையிலேயே முடிவாகிவிடும். இங்கே சைகை கொடுப்பவர்கள் டிக்கெட் வாங்கி வந்த குழந்தைகள். ஒருநாள் அவர்கள் உடனே தட்டுவார்கள். இன்னொரு நாள் கூச்சப்பட்டுத் தயங்குவார்கள். தயங்கினால் நடிகை கெஞ்சலை நீட்ட வேண்டும். அதுவரை விளக்குக்காரர் வெளிச்சத்தை அணையவும் விடாமல், ஏற்றவும் செய்யாமல் ஒரு நூலிழையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். முந்திக்கொண்டு ஏற்றினால் குழந்தைகளின் கைதட்டலுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். பிந்தினால் அவர்கள் நம்பிக்கை போய்விடும். அந்தச் சில நொடிகளில் ஆடம்ஸின் சக நடிகர், முகம் தெரியாத அந்தத் தொழிலாளிதான். ஆயிரத்து ஐந்நூறு முறைக்கு மேல் ஆடம்ஸ் பீட்டர் வேடத்தில் நடித்திருக்கிறார். வெளிச்சம் என்பது மேடைக்குப் பூசும் சாயம் அல்ல, அதுவும் ஒரு நடிகர் என்று அவருக்குப் புரிய அந்த ஒரு காட்சியே போதுமானதாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்காலத்து மேடைகளின் முன்விளிம்பில் வரிசையாகக் கீழ்விளக்குகள் இருக்கும். வெளிச்சம் கீழிருந்து வருவதால் தாடையும் மூக்கின் அடிப்பகுதியும் பளிச்சென்று தெரியும், மூக்கின் நிழல் நெற்றியை நோக்கி ஏறும். எந்த ஊரிலும் சூரியன் தரையிலிருந்து அடிப்பதில்லை. கரிக்கம்பிகளுக்கு நடுவே மின்பொறி எரியும் ஆர்க் விளக்குகளில் வெளிச்சம் அதிகம், ஆனால் கடுமையானது, சீறும், நடுங்கும். கரிக்கம்பி தேயத் தேய ஒருவர் பக்கத்திலேயே நின்று சரிசெய்துகொண்டிருக்க வேண்டும். இழை விளக்கோ கண்ணை உறுத்தாது, நினைத்தபடி ஏற்றி இறக்கலாம். ஆனால் அன்று அதற்குப் பலம் போதாது. ஆடம்ஸ் இந்தப் பிரச்சினைக்குள் இறங்கினார். எம்பயர் தியேட்டரில் திரைக்குச் சற்றுப் பின்னால், மேடைக்கு மேலே ஒரு விளக்குப் பாலம் அமைக்கப்பட்டதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆட்கள் அதில் நின்றபடி, மேலிருந்து நடிகர்களை நோக்கி விளக்கைத் திருப்பலாம். பாஸெட் ஜோன்ஸ் என்ற மின்பொறியாளரோடு சேர்ந்து தன் நாடகங்களின் ஒளியமைப்பை அவர் வடிவமைத்தார்.

1909 ஜூன் 22 இரவு, ஹார்வர்டு பல்கலைக்கழக விளையாட்டரங்கத் திறந்தவெளியில், ஷில்லரின் நாடகத்தில் ஜோன் ஆஃப் ஆர்க்காக நடித்தார். மேடையேறியவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவ்வளவு உழைப்பும் ஒரே ஓர் இரவுக்கு.

1911இல் அவர் ஏற்றது சேவல் வேடம். எட்மாண்ட் ரோஸ்டாண்டின் அந்த நாடகத்தில், தான் கூவுவதால்தான் சூரியன் உதிக்கிறது என்று ஒரு சேவல் நம்புகிறது. ஒருநாள் பெண்பறவை ஒன்றின் மயக்கத்தில் கூவ மறக்கிறது, ஆனாலும் பொழுது விடிந்துவிடுகிறது. கூவலுக்குப் பின்னால் விடிவது ஒரு வகை ஒளியமைப்பு. யாரும் கூவாமல், யார் கண்ணிலும் படாமல், மெல்ல விடிந்துவிடுவது வேறொரு வகை. இரண்டாவது மிகவும் கடினம். சிறகு உடையில் ஒரு பெண் சேவலாக நடிப்பதா என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ஒருநாளோ அரங்கு அவரை இருபத்திரண்டு முறை திரைக்கு முன் அழைத்தது.

இவ்வளவு செய்தும் ஒளியமைப்பின் வரலாற்றைப் பேசும்போது முதலில் சொல்லப்படும் பெயர் நாடகத் தயாரிப்பாளர் டேவிட் பெலாஸ்கோ. அவருடைய விளக்குக்காரர் லூயி ஹார்ட்மன் பெயரும் சேர்ந்து வரும். இருவரும் பெரியவர்கள்தான். 1900இல் ஒரு ஜப்பானியப் பெண் கணவனுக்காக இரவு முழுக்கக் காத்திருப்பதை, வசனமே இல்லாமல் பதினான்கு நிமிடம் வெளிச்சத்தை மட்டும் மாற்றிக் காட்டியவர்கள் அவர்கள். ஆனால் பெலாஸ்கோ தன் வேலையை ஊருக்குச் சொன்னார். ஆடம்ஸ் பேட்டியே கொடுக்கவில்லை. நடிகை எட்டாத தூரத்தில் இருந்தால்தான் மக்கள் தேடி வருவார்கள் என்பது ஃப்ரோமனின் வியாபாரக் கொள்கை. ஆடம்ஸும் இயல்பிலேயே தனிமை விரும்பி. அந்த மௌனம் டிக்கெட்டை விற்றுக்கொடுத்தது. அவருடைய தொழில்நுட்ப உழைப்பை மூடியும் விட்டது. இதில் எனக்கு உள்ளபடியே வருத்தம் உண்டு. நடிகையின் முகம் லட்சம் பேருக்குத் தெரிந்திருக்க, அவர் கையின் வேலை தெரியாமல் போனது நியாயமில்லை.

1915 மே மாதம் லூசிடானியா கப்பல் தாக்கப்பட்டபோது ஃப்ரோமன் கடலில் மாண்டார். 1918இல் ஆடம்ஸ் கடும் காய்ச்சலில் விழுந்தார். அதன்பின் மேடையை விட்டார். ஓய்வெடுக்கப் போயிருக்கலாம். பணம் இருந்தது, புகழ் இருந்தது. அவர் போனது ஸ்கெனெக்டடியில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்துக்கு. 1920களின் தொடக்கத்தில் அங்கே பொறியாளர்களோடு உட்கார்ந்து, பலம் மிகுந்த பெரிய இழை விளக்குகளை உருவாக்கும் சோதனைகளில் ஈடுபட்டார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் பேசும் படம் வந்ததும், ஆர்க் விளக்கின் இரைச்சல் ஒலிப்பதிவைக் கெடுத்தது. படப்பிடிப்புத் தளங்கள் சத்தமில்லாத இழை விளக்குக்கு மாறின. அவர் எந்தப் பாதையில் தேடிக்கொண்டிருந்தாரோ அதே பாதைக்குத் திரைத்தொழிலே வந்து சேர்ந்தது. அவர் பெயர் மட்டும் அதில் சேரவில்லை.

1931இல் ஷேக்ஸ்பியர் நாடக நாயகி போர்ஷியாவாக, நடிகர் ஓட்டிஸ் ஸ்கின்னரோடு மீண்டும் சுற்றுப்பயணம் போனார். 1937இல் மிசூரி மாநிலத்தின் ஸ்டீஃபன்ஸ் கல்லூரியில் நாடகத் துறைப் பொறுப்பை ஏற்றார். அது பெண்கள் கல்லூரி. அங்கே படிக்க வந்தவர்களில் பெரும்பாலானோர், அவர் எம்பயர் தியேட்டரில் பறந்துகொண்டிருந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆடம்ஸ், ஒத்திகைக்கு நேரத்தோடு வந்து வேலை கற்றுக்கொடுத்த ஆசிரியை. 1953இல் இறக்கும்வரை அவர் தன்னைப் பற்றி வெளியே பெரிதாகப் பேசியதில்லை. அவருக்காக நாங்கள் பேச வேண்டியிருக்கிறது.