செப்பலின் இன்னும் ஏன் சலிக்கவில்லை

கிளிநொச்சியில் லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ரொக் இசைக்குழுவைக் கேட்கிறவன் என்றால் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும். 1980 செப்டெம்பரில் டிரம்மர் ஜோன் பொன்ஹம் செத்ததும் வேறு ஆளைப் போட்டு ஓட்டாமல், அந்த டிசம்பரிலேயே கலைந்துபோன குழு அது. நானெல்லாம் அப்போது பிறக்கவே இல்லை.

என்னைக் கேட்டால் எல்லாத்துக்கும் காரணம் பொன்ஹம்தான். 1971 இல் வந்த நாலாவது அல்பத்தின் கடைசிப் பாட்டு ‘வென் த லெவி பிரேக்ஸ்’. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் டிரம்ஸைப் படிக்கட்டின் அடியில் வைத்து, மைக்குகளை மேலே தொங்கவிட்டுப் பதிந்திருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு அடிக்கும் வீடே சேர்ந்து முழங்கும். கோயிலில் பறைமேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சண்டைக் காலத்தில் இங்கே கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவை மிதித்துத்தான் மாமா ஆட்கள் கசெற் கேட்டார்கள். மிதி தளர்ந்தால் பாட்டு இழுபடும். ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டையோ செப்பலின்காரரே வேகம் குறைத்துத்தான் வெளியிட்டார்கள், பிறகு எது டைனமோ எது செப்பலின் என்று மாமாவுக்கு எப்படித் தெரியும்!

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசைக்காரரிடம் இருந்து செப்பலின் பாட்டுகளை எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு சரிதான். செப்பலினின் ‘ஹோல் லொட்டா லவ்’ பாட்டுக்காக புளூஸ்காரர் வில்லி டிக்சன் வழக்கே போட்டு, கடைசியில் சமரசமானது. அதற்காக நான் கேட்பதை நிறுத்தவில்லை, டிக்சனையும் சேர்த்துக் கேட்கிறேன்.

மிஞ்சியவர்கள் மறுபடி சேர்ந்த 2007 லண்டன் கச்சேரியில் பொன்ஹமின் மகன் ஜேசன் டிரம்ஸ் வாசித்ததைப் பாருங்கள். நன்றாகவே அடிக்கிறார், ஆனால் அப்பா அப்பாதான்.