கூட்டல் குறியில் கழன்றுபோகும் உறை

பெர்ல் நிரலாக்க மொழிக்கு 2006-இல் வந்த மூஸ் (Moose) என்னும் பொருள் அமைப்பு, தாய்க் கிளாஸிலிருந்து மரபாகப் பெற்ற அட்ரிபியூட்டை, அதாவது பொருள் தாங்கும் தரவுப் பண்பை, சேய்க் கிளாஸில் திருத்துவதற்கு மிகச் சுருக்கமான வழியொன்றைத் தருகிறது: அட்ரிபியூட்டை அறிவிக்கும் ‘ஹேஸ்’ (has) வரியில் அதன் பெயருக்கு முன் ஒரு கூட்டல் குறியை இட்டு, மாற வேண்டியவற்றை மட்டும் எழுதினால் போதும், மற்றவை தாய்க் கிளாஸில் உள்ளபடியே தொடரும். இந்த வசதியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் அந்த அட்ரிபியூட்டின் மதிப்பைப் படிக்கவும் மாற்றவும் உதவும் அணுகல் மெத்தட்டைச் சுற்றித் தாய்க் கிளாஸில் ஓர் உறை (மெத்தட்டின் அழைப்பை இடைமறிக்கும் நிரல்) இருந்தால், கூட்டல் குறி அதை ஓசையின்றிக் கழற்றிவிடும்.

ரசீது என்னும் கிளாஸில் வரி விகிதத்தின் இயல்பு மதிப்பு 18 என்று கொள்வோம். இறுதி செய்யப்பட்ட ரசீதில் அதை எவரும் மாற்றாதபடி, அணுகல் மெத்தட்டை ‘அரவுண்ட்’ (around) என்னும் உறை கொண்டு சுற்றிக் காவல் வைத்திருக்கிறோம். பின்னர் ஏற்றுமதி ரசீது என்ற சேய்க் கிளாஸில் கூட்டல் குறியிட்டு இயல்பு மதிப்பை 0 ஆக்குகிறோம். மாறியது ஓர் எண் மட்டுமே என்று தோன்றும். ஆனால் மூஸ் அந்த அட்ரிபியூட்டைப் படியெடுத்து, அதன் அணுகல் மெத்தட்டுகளைச் சேய்க் கிளாஸிலேயே புதிதாக நிறுவுகிறது; மெத்தட் தேடல் அங்கேயே முடிந்துவிடுவதால், தாய்க் கிளாஸில் உறையிட்ட மெத்தட் அழைக்கப்படுவதே இல்லை. பிழைச்செய்தியும் வராது, எச்சரிக்கையும் வராது. மூஸின் கையேடு இதை வெளிப்படையாகவே கூறுகிறது. கூட்டல் குறியைக் கற்றுக்கொள்ளும்போதே அப்பகுதியையும் படித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வகை உறைகளை முன்பே கொண்டிருந்த காமன் லிஸ்ப்பின் பொருள் அமைப்பில் இச்சிக்கல் எழுவதில்லை. அங்கே அழைப்பு நிகழும்போது, பொருந்தும் ‘அரவுண்ட்’ மெத்தட்டுகள் அனைத்தும், அவை எந்த மூதாதைக் கிளாஸுக்கு எழுதப்பட்டிருந்தாலும், உண்மையான வேலையைச் செய்யும் முதன்மை மெத்தட்டுக்கு முன்னதாகவே வரிசைப்படுத்தப்படுகின்றன. ஆகவே சேய்க் கிளாஸ் தன் அணுகல் மெத்தட்டை மீண்டும் வரையறுத்தாலும் தாய்க் கிளாஸின் காவல் நிலைத்திருக்கும். மூஸில் உறை ஒரு குறிப்பிட்ட மெத்தட்டோடு ஒட்டியிருக்கிறது. லிஸ்ப்பில் அது அழைப்போடு ஒட்டியிருக்கிறது.

மூஸில் நான் பரிந்துரைப்பது ‘பில்டர்’ (builder) முறையையே. இயல்பு மதிப்பைத் தாய்க் கிளாஸில் ஒரு தனி மெத்தட் தருமாறு அமைத்தால், சேய்க் கிளாஸ் அந்த மெத்தட்டை மட்டும் மாற்றி எழுதலாம். அணுகல் மெத்தட் தொடப்படாது, உறையும் அப்படியே இருக்கும். வகையையோ வேறு விருப்பங்களையோ மாற்றுவதற்குக் கூட்டல் குறி தவிர்க்க முடியாததாகும்போது, காவலை ஒரு ரோலில் (பல கிளாஸ்களில் இணைக்கத்தக்க நிரல் தொகுப்பில்) எழுதி, சேய்க் கிளாஸில் ‘ஹேஸ்’ அறிவிப்புக்குப் பின் அந்த ரோலை மீண்டும் இணைக்க வேண்டும். மதிப்பு மாறும்போது தானாக இயங்கும் ‘ட்ரிகர்’ (trigger) அட்ரிபியூட்டோடு சேர்ந்தே மரபாக வரும் என்றாலும், மதிப்பு பதிவான பிறகே அது இயங்குவதால், மாற்றத்தைத் தடுக்கும் காவலுக்கு அது ஏற்றதன்று.