ஓரியூர் நேர்ச்சை

புனித அருளானந்தரே, உமக்குக் கோடி நன்றி. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது.

என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். 32 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். காளையார்கோவில் வீட்டில் அம்மா செபமாலையும் கையுமாக உட்கார்ந்து நேர்ந்துகொண்டாள்: பிள்ளை உயிரோடு வீடு வரட்டும், ஓரியூர் அருளானந்தர் கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தி, அவன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். பிள்ளை வந்துவிட்டான். நேர்ச்சையைச் செலுத்தத்தான் அம்மா இல்லை.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மதுரையிலிருந்து தொண்டி பேருந்தில் விடியுமுன்னே கிளம்பினோம். நான், கணவர், மாமியார், பிள்ளை, அப்புறம் தாய்மாமன் ஸ்தானத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள என் சித்தி மகன். கூடப் பிறந்த தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது சித்தி மகன். பேருந்து காளையார்கோவிலில் நின்றபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையின் சட்டைப் பொத்தானை மூன்று முறை கழற்றி மாட்டினேன். தம்பி அங்கேதான், அம்மா வீட்டில்தான் இருக்கிறான்.

சண்டை எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். நான் போடவில்லை. அதோடு விட்டிருக்கலாம். சொந்தக்காரர்கள் கூடியிருந்த முற்றத்தில், "கடைசி காலத்தில் அம்மாவுக்கு ஒழுங்காகச் சோறு போட்டாயா?" என்று கேட்டுவிட்டேன். போட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் மனைவிதான் அம்மாவைக் குளிப்பாட்டினாள்.

திருவாடானையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஏறும்போது ஒரு வாடகை, இறங்கும்போது இன்னொன்று. கோயிலுக்கு வெளியே மெழுகுவர்த்தி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. அருளானந்தர் ரத்தம் சிந்திச் சிவந்த மண் என்று கையால் அள்ளி நெற்றியில் இட வேண்டியதை ஒருவர் பொட்டலம் கட்டி விலை சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார் ஒரே பார்வைதான் பார்த்தார், மனிதர் நகர்ந்துவிட்டார்.

உள்ளே நல்ல கூட்டம். சிலுவைக் குறி போடுகிற கை பாதி, கைகூப்பிக் கும்பிடுகிற கை பாதி. இந்தச் சீமையில் அருளானந்தர் எல்லாருக்கும் சாமி. பூசையில் அன்றைக்கு வாசித்த நற்செய்தி மத்தேயு ஐந்தாம் அதிகாரம். காணிக்கை செலுத்தப் பீடத்துக்கு வரும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு சமாதானமாகு, பிறகு வந்து செலுத்து.

எத்தனை தடவை கேட்ட வசனம். இத்தனை வருடமும் நான் அதைத் தலைகீழாகத்தான் கேட்டிருக்கிறேன். எனக்கு அவன்மேல் மனத்தாங்கல் என்று அதில் இல்லை. அவனுக்கு என்மேல். என் கையில் பிள்ளை உயரத்துக்கு மெழுகுவர்த்தி. எதிரே அருளானந்தர். வியர்வையா கண்ணீரா தெரியவில்லை, சுரூபமே மங்கலாகிவிட்டது. சாமியிடம் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை.

அருளானந்தர் காலத்தில் இந்தச் சீமையில் இருந்த மறவர் தலைவர் தடியத்தேவர் கதை அம்மா சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம். சாகக் கிடந்தவருக்கு அருளானந்தர் அனுப்பிய உபதேசியார் போய் நற்செய்தி வாசித்துச் செபிக்க, எழுந்து உட்கார்ந்தாராம். அம்மா அத்தோடு நிறுத்திவிடுவாள். கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஞானஸ்நானம் வேண்டுமென்றால் ஒரு மனைவியோடு வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தேவரும் மூத்தவளை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். இளையவள் ராமநாதபுரம் ராஜா சேதுபதிக்கு உறவு, அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். (அவள் பக்கத்தையும் யாராவது கேட்டிருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.) லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்து, இங்கே வந்து காவி கட்டி, கறி மீன் தொடாமல் நடந்து திரிந்தவரை 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதனன்று இதே ஓரியூரில் வெட்டினார்கள். சுகம் கொடுத்த நற்செய்தி தேவரின் வீட்டுக்குள்ளும் நுழைந்து கணக்குக் கேட்டிருக்கிறது. என்னை மட்டும் விடுமா?

மெழுகுவர்த்தியைப் பீடத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்து போன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தான்.

"அம்மாவுக்கு நீ சோறு போட்டடா. நான் பொய் சொன்னேன். ஓரியூர்ல இருக்கேன்."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பிள்ளை தலையில கத்தி வச்சாச்சா?" என்றான்.

"இல்ல."

"வைக்க வேணாம்னு சொல்லு."

ஒன்றரை மணி நேரம். மொட்டை போடுபவர் முணுமுணுத்தார், அவருக்கு வரிசையில் அத்தனை தலை. பிள்ளை பசியில் கத்தினான். சித்தி மகன்தான் பாவம், தப்பித்தோம் என்று நிழல் தேடிப் போய்ப் படுத்துவிட்டான். தம்பி கைலியோடு பைக்கில் வந்து இறங்கினான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். முன்னப் பின்னப் பார்க்காத மாமன் மடியில் பிள்ளை திமிறித் தீர்த்தான், கையைக் கடித்தும் வைத்தான். முடியெல்லாம் அவன் கைலியில் கொட்டியது. ஆண்டவரே, 32 நாள் பெட்டிக்குள் ஒட்டிக்கிடந்த அதே பூனைமுடித் தலையா இது!

காது குத்தினார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினோம், எது முதலில் எது பிறகு என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. தம்பி செம்மண்ணைக் குழைத்து மொட்டைத் தலையில் பூசியதும், விரலில் மிச்சம் இருந்ததைத் தன் நெற்றியில் துடைத்துக்கொண்டதும்தான் கண்ணில் நிற்கிறது.

திரும்பும் வழியில் காளையார்கோவிலில் இறங்கினோம். அவன் மனைவி காபி போட்டுக் கொடுத்தாள். நான் பாத்திரம் கழுவினேன். பத்திரம் அம்மா பீரோவில் கையெழுத்தில்லாமல்தான் கிடக்கிறது. அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.