எந்தத் தாளில் கையெழுத்துப் போடலாம்?

வேலை பார்த்த இடத்தில் பணம் குறைகிறது என்று புகார். கணக்கு எழுதியவன் நான். மாலை ஆறு மணிக்குக் கைது செய்தார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டம்தான் என் வழக்குக்கும்.

காரணத்தைச் சொன்னார்கள், மனைவிக்குத் தகவல் கொடுத்தார்கள். கைது மெமோவில் நேரம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அதனால் அந்த நேரம் முக்கியம்.

அப்புறம் விசாரணை. பெயர், முகவரி, வேலை எல்லாம் சொன்னேன். அடுத்த கேள்வி, "பணத்தை எங்க வச்சிருக்க?" எடுத்தாயா என்று கேட்கவே இல்லை. "வக்கீல் வந்ததும் பேசுறேன் சார்" என்றேன். "தப்பு செய்யாதவனுக்கு வக்கீல் எதுக்கு?" என்றார் ஏட்டு. அடியை விட அந்தக் கேள்விதான் ஆளை உடைக்கும். என் நேர்மையை நிரூபிக்க எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று தோன்றியது. எப்படியோ வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு வக்கீல் வந்தார். விசாரணையின்போது அவரைச் சந்திக்கலாம், ஆனால் முழு நேரமும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது. சன்ஹிதாவின் பிரிவு 38 அப்படித்தான் சொல்கிறது. பயந்து கிடப்பவனுக்கு இது போதாது என்பது என் கருத்து. கிடைத்த பத்து நிமிடத்தில் இரண்டு விஷயம் சொன்னார். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் பதிலைச் சொல்ல வைக்க முடியாது, அரசமைப்புச் சட்டத்தின் 20(3) ஸ்டேஷனுக்கும் பொருந்தும், 1978-லேயே நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "மெமோவில போட்டது சரி. வாக்குமூலம்னு எழுதிட்டு வந்தா போடாதீங்க. போலீஸ்கிட்ட சொன்னதுல கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு சன்ஹிதா பிரிவு 181-ல இருக்கு."

அவர் போனதும் ரைட்டர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நான் சொல்லாத வரிகள். அந்தப் பக்கங்களுக்கு அடியில் எதுவும் எழுதாத ஒரு வெறும் தாள். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகிவிடும். அப்படியிருக்க வெறும் தாளில் எப்படிப் போடுவது? "போட மாட்டேன் சார்" என்றேன். குரல் நடுங்கியது. இரண்டு முறை அதட்டினார், மூன்றாம் முறை தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மதியம் மாஜிஸ்ட்ரேட், "போலீஸ் மேல ஏதாவது புகார் இருக்கா?" என்று கேட்டார். அடிக்கவில்லை என்றேன். வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டதைச் சொன்னேன். அதை அவர் எழுதிக்கொண்டார்.