பெரியப்பாட துவக்கும் அவர் ஊத்தின எண்ணெயும்

கொழும்பு வெள்ளவத்தையில கடலோர மரீன் டிரைவுக்குக் கிட்ட வீடு எண்டால் கறள் பிடிக்காத சாமானே இல்ல, ஜன்னல் கொக்கி, கேற், ஃபேன் எல்லாம் போகும், அப்பிடியான வீட்டில பெரியப்பா ஒரு பழைய பிஎஸ்ஏ .22 (சின்ன ரவை போடுற) போல்ட் அக்‌ஷன் துவக்கு வச்சிருக்கிறார். (சைக்கிள்ல மூண்டு துவக்கு சாத்தி வச்ச மாதிரி ஒரு மார்க் இருக்குமே, அதே பிஎஸ்ஏதான். 1861ல துவக்குக் கொம்பனியாத்தான் தொடங்கினது, சைக்கிள் எல்லாம் பிறகு.) லைசென்ஸ் அவற்ற பேரில, அதால நான் கைவைக்கிற நேரமெல்லாம் அவர் பக்கத்தில கதிரை போட்டு இருப்பார். முதல் வேலை போல்ட்டை, அதான் பின்பக்கத்தைப் பூட்டுற இரும்புத் தண்டை, திறந்து சேம்பர் (ரவை இருக்கிற குழி) வெறுமையோ எண்டு கண்ணால பாத்து விரலையும் விட்டுப் பாக்கிறது, அதுக்குப் பிறகுதான் தேத்தண்ணி.

போன மாசம் துவக்குச் சுடுற கிளப்புக்குப் போய்ட்டு வந்து, "தம்பி, பத்துக்கு மூண்டு வெடிக்கேல்ல, ஸ்பிரிங் செத்துப்போச்சு" எண்டார். எனக்கு நம்பிக்கை வரேல்ல. இது போடுற ரிம்ஃபயர் ரவையில தீப்பிடிக்கிற மருந்து அடியில நடுவில இல்ல, சுத்திவர இருக்கிற விளிம்புக்குள்ளதான், போல்ட்டுக்குள்ள ஸ்பிரிங் தள்ளுற ஊசி, ஃபயரிங் பின், அந்த விளிம்பை சேம்பர் ஓரத்தோட வச்சு நசுக்கினால்தான் வெடிக்கும், அடி கொஞ்சம் மெதுவா விழுந்தாலும் ஒண்டும் நடக்காது. 1887ல வந்த .22 லோங் ரைஃபிள் ரவை இண்டைக்கும் இதே கதைதான். வெடிச்ச வெறும் ரவைக் கோதொண்டை அடிபடாத பக்கம் திருப்பிப் போட்டு தட்டிப் பாத்தன், நகக்கீறல் மாதிரி ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

போல்ட்டைக் கழட்டினால் உள்ளுக்கு தேன் மாதிரி! கறள் பிடிக்கும் எண்ட பயத்தில மனுசன் இருபது வருசமா தையல் மெசின் எண்ணெய் ஊத்திக்கொண்டு வந்திருக்கிறார், எல்லாம் இறுகிப் பிசினாகி ஸ்பிரிங்கைப் பிடிச்சு வச்சிருந்தது. ஒரு இரவு மண்ணெண்ணெயில ஊற வச்சு, பழைய பல்லுத் துலக்குற பிரஷால தேய்ச்சு, ஒரு துளி எண்ணெய் மட்டும் தடவித் துடைச்சன். என்ர அனுபவத்தில பழைய .22 பாதிக்கு மேல பராமரிப்பாலதான் கெடுது, பாவிச்சு இல்ல.

பேரலும் (ரவை போற குழாய்) அப்பிடித்தான். ஈய ரவைக்கு மெழுகு பூசித்தான் வரும், தேய்மானம் குறைவு, ஆனா பெரியப்பா துப்புரவாக்கிற இரும்புக் கம்பியை வாய்ப்பக்கத்தால விட்டு விட்டு எடுத்திருக்கிறார், அந்த வாய் ஓரம் தேய்ஞ்சால் குறி போச்சு. போல்ட்டைக் கழட்டிப் பின்பக்கத்தால விடுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லியாச்சு. அந்தக் காலத்து ரவையில மருந்து எரிஞ்சு உப்பு மிஞ்சும், அதுக்கு எண்ணெய் சரிவராது, கொதிதண்ணி ஊத்தித்தான் கழுவவேணும், அவர் கம்பி பழகினது அந்தக் காலத்தில போல. அதைவிட சாண்ட் பேப்பர் போட்டிருக்கிறார்! அந்தக் கறுநீலப் பூச்சும் இரும்புத் துருவுக்குச் சொந்தக்காரன்தான், நல்ல சொந்தக்காரன், அதைச் சுரண்டிப்போட்டு கடல்காத்தைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

தோல் உறைக்குள்ள வைக்கிறதையும் நிப்பாட்டச் சொன்னன், ஈரத்தை அதுவே பிடிச்சு வச்சிருக்கும். இப்ப பூட்டுற அலுமாரிக்குள்ள, சப்பாத்துப் பெட்டியில வாற சிலிக்கா பைகளோட.

அண்டைக்குப் போல்ட்டைத் திரும்பப் பூட்டி முடிச்சு அதே கோதைத் திருப்பிப் போட்டுத் தட்டினன், பள்ளம் நல்ல ஆழமா விழுந்தது. பெரியப்பாக்குச் சந்தோசம், கோதில்லாமலே "டிக்" "டிக்" எண்டு தட்டத் தொடங்கிட்டார். ஃபயரிங் பின் நுனி நேர சேம்பர் ஓரத்தில அடிக்கும் எண்டு கையைப் பிடிச்சு நிப்பாட்டினன். மகசீன் (ரவை அடுக்கிற பெட்டி) வாய் வேற நெளிஞ்சு கிடக்கு, அது அடுத்த ஞாயிறு.