பொச்சாப்பு: மறந்துபோன ஒரு மறதி

அகராதி வேலையில் அதிக நேரம் தின்பவை வழக்கொழிந்த சொற்கள். பேசுகிற ஆள் இல்லாததால் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்க முடியாது. நூல்களில் அந்தச் சொல் வரும் இடங்களை, அதாவது அதன் ஆட்சிகளை வைத்தே பொருள் காண வேண்டும். அவற்றில் தனிக் கவனம் கேட்கும் சொல் ‘பொச்சாப்பு’. மறதியைக் குறித்த சொல்லே மறந்துபோயிற்று. திருக்குறளின் 54ஆம் அதிகாரத் தலைப்பு ‘பொச்சாவாமை’ மட்டும்தான் பலருக்கும் எங்கோ படித்ததாக நினைவுக்கு வரும்.

முதலில் ஆட்சிகளைத் திரட்ட வேண்டும். வழுக்குவது இங்கேதான். கணினியில் ‘பொச்சாவா’ என்று தேடினால் 537ஆம் குறள் சிக்காது. சீர் பிரித்த பதிப்பில் அது ‘இல்லைபொச் சாவாக் கருவியால்’ என்று நிற்கும். சொல்லின் நடுவில் இடைவெளி. 534இல் ‘பொச்சாப் புடையார்க்கு’ என்று இருப்பதால் ‘பொச்சாப்பு’ என்று தேடினாலும் நழுவிவிடும். ‘பொச்’ என்ற இரண்டு எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடி, வேண்டாததைக் கையால் கழிப்பதுதான் பத்திரமான வழி. அப்படித் தேடினால் அதிகாரத்துக்குள் 532, 533, 534, 537 வரும்; வெளியே 199, 246, 285 அகப்படும்.

பிறகு வடிவங்களை அடுக்கிப் பார்க்க வேண்டும். பொச்சாந்தார், பொச்சாப்பார், பொச்சாவா, பொச்சாப்பு. பக்கத்திலேயே மறந்தார், மறப்பார், மறவா, மறப்பு. இரண்டும் ஒரே வாய்பாடு. ஆகவே வினையடி ‘பொச்சா’, அகராதிப் பதிவின் தலைப்பாக நிற்கும் தலைச்சொல் ‘பொச்சாத்தல்’. பெயர்ச்சொல்லை மட்டும் தலைச்சொல்லாக வைத்தால், 199இல் ‘பொச்சாந்தும்’ என்று படித்துவிட்டு வருபவர் தேடிக் களைத்துப்போவார்.

பொருள் எழுதும்போது ‘மறதி’ என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடத் தோன்றும். அது போதாது. பரிமேலழகர் 199இல் ‘மறந்தும்’ என்றும் 285இல் ‘சோர்வு’ என்றும் உரை சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் திறவுகோல் அதிகாரத்தின் முதல் குறளில் இருக்கிறது: ‘இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு.’ சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடுவது வெறும் மறதி. எல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது என்ற களிப்பில் காவலைத் தளர்த்துவது பொச்சாப்பு. நினைவாற்றலில் வரும் குறையை இந்தச் சொல்லில் ஏற்றக்கூடாது. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தனிச் சொல் வைத்திருந்த மொழி அதைக் கைவிட்டது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

சுற்றியுள்ள சொற்களும் இடறும். மேலே உள்ள ‘இறந்த’ என்பதற்கு அளவு கடந்த என்று பொருள். செத்த என்று கொண்டால் குறளே குலைந்துவிடும். 532இல் ‘நிச்ச நிரப்பு’ என்பது நாள்தோறும் வாட்டும் வறுமை. இன்று நிரப்புதல் என்றால் நிறைத்தல். 539இல் ‘இகழ்ச்சி’ அசட்டை, ஏளனம் அன்று. எடுத்துக்காட்டாக ஒரு குறளைக் கொடுக்கும்போது இத்தகைய சொற்களுக்கும் பொருள் தர வேண்டும். இல்லாவிட்டால் எடுத்துக்காட்டே தவறான வழியைக் காட்டும்.

நிலைத்து நின்ற சொல் ‘மற’. அதற்கு உறவு ‘மறை’. கன்னடத்தில் ‘மரெ’ என்பது மறத்தலையும் மறைவையும் குறிக்கும். கண்ணுக்கு மறைவது, நெஞ்சுக்கு மறைவது என்று இரண்டையும் ஒரே வேரில் வைத்துப் பார்த்தால் ‘எனக்கு மறந்துபோச்சு’ என்ற பேச்சு வழக்கும் விளங்கும். அதில் போவது நினைவிலிருந்த செய்தி. ஆள் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறார். ‘மறந்துவிட்டேன்’ என்றால் பொறுப்பு என்மேல். ஆகவே ‘மறந்துபோ’ என்ற பதிவில் ‘-க்கு’ ஏற்கும் என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் ‘மறக்கப்பட்ட பெயர்’ என்று யாராவது எழுதியிருந்தால் அடித்துவிட்டு ‘மறந்துபோன பெயர்’ என்று திருத்தலாம்.